இரவல் போகாத கத்தி

விறைத்த மீனை மூக்கு கீழாகப்
பலகையில் நிறுத்தியாயிற்று.
தகர அடுப்பில் லார்ச் கட்டை வெடிக்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தேழு.
ஏரி அவ்வப்போது சோம்பல் முறிக்கும் சத்தம்
எங்கள் கூடாரத்துக்கு அடியில்
ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடுகிறது.

இனி கத்திகள் வெளிவர வேண்டும்.
இந்த ஊரில் யாரும் சட்டென உருவுவதில்லை.
முதலில் உறையோடு பலகையில் வைப்பார்கள்,
யாராவது கேட்கட்டும் என்று.

கேட்டேன்.
ஏன் பிடிக்கும் என்று கேட்டால்
எல்லோரும் பிடியைத்தான் காட்டுகிறார்கள்.

கவ்ரீலின் பிடி பிர்ச் மரத்தின் கழலை.
சுழித்துச் சுழித்து ஓடும் அந்த ரேகைகளில்
அவனுக்கு ஆறு தெரிகிறது, கிளையாறு தெரிகிறது.
"இதோ, இந்த வளைவில்தான்
லாரி இரண்டு நாள் நின்றுபோனது.
அன்றைக்கு இரும்பைத் தொட்டால் தோல் உரிந்து வரும்.
இது மட்டும் கை குலுக்கியது."

ஸ்பிரிடோனுக்கு மரம் பொருட்டில்லை, அலகுதான்.
கூட்டுப்பண்ணை டிராக்டரின் பேரிங் வளையத்தை
நிமிர்த்தி அடித்தது.
அந்த டிராக்டர் ஒருநாளும் ஒழுங்காய் ஓடியதில்லை,
இந்தக் கத்தி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.
ஒரே இரும்புதானே என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.
வருடா வருடம் சொல்கிறான்.

லியோன்டியுடையது அசிங்கம்.
அவனே அடித்தது. முதலும் கடைசியும்.
நேராய்ப் போகவேண்டிய பள்ளம்
பாதியில் குடித்தவன்போல் விலகுகிறது.
நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:
"வீட்டில் எந்தத் தப்பு எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரிந்த பொருள் இது ஒன்றுதான்."

பிறகு என்னுடையது.
நான் அக்ராஃபெனா, குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பவள்.
கொல்லரின் குதிரைக்குக் குளம்பு பார்த்துவிட்டுச்
சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.
அவர் என் கையையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது.

எங்கள் கத்திக்கு ஒரு பக்கம் பள்ளம்,
மறுபக்கம் மீன்வயிறுபோல் புடைப்பு.
ஊரிலுள்ள கத்திகளுக்கெல்லாம் ஒரு முகம்.
என்னுடையதற்குக்
கண்ணாடியில் தெரியும் முகம்.

"கொடு பார்ப்போம்" என்று கவ்ரீல் பிடுங்கினான்.
வைத்து இழுத்தான்.
சுருள் வரவில்லை.
அலகு உள்ளே உள்ளே போய்
விறகுச் சிராய்போல ஒரு துண்டு விழுந்தது.
கத்தியைத் திருப்பிப் பார்த்தான்,
மீனைத் திருப்பினான்,
கடைசியில் தன் வலது கையையே திருப்பிப் பார்த்தான்.
ஸ்பிரிடோன் சிரித்ததில் தேநீர் கொட்டியது.

பிடி என் பக்கமாய்த் திரும்பி வந்தது.

பனி துளைக்கும் என் திருகு
மூன்று குளிர்காலமாய்க் கொழுந்தன் வீட்டில்.
ஸ்னோமொபைல் போகும்; வரும்போது டேங்க் காலி.
என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு
மகள் நகரத்தில் நடக்கிறாள்.
தெர்மாஸின் மூடி எந்தச் சமையலறையில் இருக்கிறதோ.
கேட்டால் இல்லையென்று சொல்ல
எனக்குத் தெரியாது.
கத்திக்குத் தெரியும்.

அதனால்தான், என்றேன்.
யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுப்பு பேசியது.

இடக்கையால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு.
ரோஜா நிறத்தில், காகிதத்தைவிடச் சற்றே தடித்து,
தானாகவே சுருண்டு
உப்பும் மிளகும் இருந்த தட்டின் ஓரத்தில் விழுந்தது.
இன்னொன்று. இன்னொன்று.
பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
"எனக்கும் நீயே சீவிவிடேன்" என்றான் ஸ்பிரிடோன்.
லியோன்டி தன் மீனைச் சத்தமில்லாமல்
என் பக்கம் நகர்த்தினான்.
கவ்ரீலும்.

கத்தி இரவல் போகவில்லை.
நான் போய்விட்டேன்.

நாலு மீன். விரல் மரத்துப்போகும்வரை சீவினேன்.
ஆனால் ஒவ்வொன்றிலும்
வயிற்றோரத்துக் கொழுப்புள்ள முதல் சுருளை
யாரையும் கேட்காமல்
என் வாயில் போட்டுக்கொண்டேன்.